மூன்றாம் மாடிக் கதவு

“கதவு யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் தட்டக் கூடாது” என்று வெள்ளைக்கார வீட்டுக்காரி ஹொஃப்மன் அம்மா மூன்றாம் மாடிப் படியில் நின்று கத்தினாள். அவள் குரலுக்கு மேலால், கதவைத் திறக்கச் சொல்லி, அந்த மாடியில் குடியிருந்த அம்பிகா கத்தினாள். 1977 ஆவணி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் படியோரம் வெறும் சுவராக இருந்த இடத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நீலக் கதவு இருந்தது. தாழ்ப்பாள் இந்தப் பக்கம். தட்டுகிறவர்கள் அந்தப் பக்கம். கீழ்வீட்டுச் சென்னைக்காரர் சுந்தரராஜன் வந்து பார்த்து, “பிளம்பிங் ப்ராப்ளம் மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஆராய்ச்சி செய்கிறவர் அல்லவா.

கதவு யாருடையது என்பதில் அம்பிகாவுக்குச் சந்தேகமில்லை. இலங்கை மலைநாட்டில் கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன் நடேசன் வீட்டுப் பின்கதவு அது. நீலம் பூசியவளே அவள்தான். கீழ்ப்பலகையில் தூரிகை வழுக்கிய தடம்கூட அப்படியே இருந்தது. அந்த ஊரில் இரண்டு சண்டியர் கூட்டங்கள் இருந்தன. ஒன்று பஸ் நிலையத்தை வைத்திருந்தது, மற்றது கசிப்புச் சாராயம் காய்ச்சியது. பல வருடமாக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள், வடக்கில் துவக்கு வெடித்த செய்தி வந்த அந்த ஆவணிக் கிழமை கைகோத்துக்கொண்டு தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஒற்றுமையாக அவர்கள் செய்த முதல் காரியம் அதுதான்.

அம்பிகாவின் கணவன் உமாபதி நல்ல மனிதன்; சிக்கலே அதுதான். கறுத்த தோலுக்கு வீடு தருகிறவர்களைத் தேடி ஒரு குளிர்காலம் முழுக்கச் சைக்கிளில் அலைந்தவன். ஞாயிறு மத்தியானத்தில் சம்பல் இடித்ததற்கே ஹொஃப்மன் அம்மா ஒருமுறை எச்சரித்திருந்தாள். அடுத்த சத்தத்துக்கு வெளியே போக வேண்டும். ஆகவே அவன் தாழ்ப்பாளில் முதுகைக் கொடுத்து நின்றான். அம்பிகா அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், ஏலவில்லை.

உள்ளேயிருந்து நடேசனின் மனைவி கண்மணியின் குரல் வந்தது. “மச்சாள், கெதியாத் திறவுங்கோ. முன்வாசலில நிக்கிறாங்கள்.”

உமாபதி கதவோடு வாயை வைத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னான். “மச்சான், இஞ்ச இப்ப ஓய்வு நேரம். மூண்டு மணிமட்டும் மெல்லமாத் தட்டுங்கோ.”

அந்தப் பக்கமிருந்து நடேசன் சொன்னார். “ஓம், சரி.”

அதன் பிறகு விரல் நுனியால் தட்டுவது போலத்தான் கேட்டது. ஹொஃப்மன் அம்மா திருப்தியோடு படுக்கப் போனாள்.

தேவாலய மணி மூன்று அடித்ததும் உமாபதி திறந்தான். தலையெல்லாம் சாம்பலோடு கண்மணி வந்தாள், அவள் பிள்ளைகள் வந்தார்கள். நடேசன் வரவில்லை. முன்கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றாராம். “இவ்வளவு நேரமும் நிண்டவர். இப்பதான் கதவு விழுந்தது” என்றாள் கண்மணி. அவளுக்குப் பின்னால், திறந்த கதவுக்கு அப்பால், செங்கல் சுவர் மட்டும் இருந்தது.

எந்த எல்லையால் வந்தீர்கள் என்று அகதிகள் அலுவலகத்தில் கண்மணியிடம் கேட்டார்கள். மூன்றாம் மாடி என்றாள், அப்படியே எழுதிக்கொண்டார்கள். அன்று சாம்பல் துடைக்கத் துவாய்களோடு ஓடிவந்த ஹொஃப்மன் அம்மா, அதன்பின் மாதாமாதம் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டாள். உமாபதியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்பிகா அவனுக்குச் சமைத்தாள், பேசவில்லை.

அடுத்த வருடம் அம்பிகா கண்மணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வுப்பர்டாலுக்குப் போய்விட்டாள். சுந்தரராஜன் சென்னைக்குத் திரும்பி, சொந்தத்திலேயே கலியாணம் செய்துகொண்டார். ஹொஃப்மன் அம்மாவும் மீட்டர் பார்க்க வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு நூர்ன்பெர்க் போனாள். உமாபதி மட்டும் அதே மாடியில் இருக்கிறான். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தக் கதவில் கோட்டு மாட்டுகிறார்கள். ஒரு மணியானதும் எடுத்துவிடுகிறார்கள். மூன்று மணிவரை தாழ்ப்பாள் திறந்தே கிடக்கும். அந்த நேரத்தில் கட்டடத்தில் யாரும் சத்தம் போடுவதில்லை, மெல்லத் தட்டினாலும் கேட்க வேண்டுமே என்று.