நான்காவது மாடி அண்ணன்

நாற்பது வருடம் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடியே ஒன்பது மாடிக்கும் போய்வந்தவன் நான். கட்டடத்தில் படி என்று ஒன்று இருப்பதே ரிட்டையரான பிறகுதான் எனக்கு உறைத்தது.

காரணம் என் அண்ணன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காவது மாடியில் தனியாக இருக்கிறார். படியில் சறுக்கி விழுந்தவர், காயம் ஆறியும் எட்டு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. மளிகைகூடக் கூடையில் கயிறு கட்டித்தான் மேலே போகிறது. போனில் அந்தப் பேச்சை எடுத்தால் பட்டென்று வைத்துவிடுவார். நேரில் போய் இழுத்து வரலாமென்றால், இரண்டாவது மாடியிலேயே எனக்கு நாக்குத் தள்ளியது.

அதனால்தான் முதியோர் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பயிற்சி தரும் பெண் ரொம்பக் கறார். முட்டி வலி என்றால், "சரிங்கய்யா, உட்கார்ந்துகிட்டே காலைத் தூக்குங்க" என்பாள். மரப்பலகை மீது ஏறி இறங்குவது முதல் வாரம் பத்து தடவை, பன்னிரண்டாவது வாரம் எண்பது.

"அண்ணனைக் கீழே மட்டும் கூட்டிட்டு வாங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மாடிக்குப் பதினெட்டுப் படி. பழக்கதோஷம், மாடிக்கு மாடி "முதல் மாடி!", "இரண்டாவது மாடி!" என்று கூவினேன். குடியிருப்பவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். ஆனால் வகுப்புப் பலகை நாலு விரல் உயரம், இந்தப் படியோ ஒரு சாண். அதை நான் யோசிக்கவே இல்லை. மூன்றாவது மாடியில் கால் கைவிரித்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்தேன். அழுகையாக வந்தது.

மேலே கதவு திறந்தது. "என்னடா, லிஃப்ட் பாதியில நின்னுடுச்சா?"

"ஆமாண்ணே. இதுக்கு மேல முடியல."

பிறகு செருப்புச் சத்தம். கக்கத்தில் தண்ணீர் பாட்டில், இரண்டு கையும் கைப்பிடியில், ஒவ்வொரு படியாக அண்ணன் இறங்கினார். வாய் மட்டும் ஓயவில்லை. "அறிவிருக்கா உனக்கு? இந்த வயசுல உன்னை எவன் ஏறச் சொன்னான்?"

பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலை நீட்டினார். அப்போதுதான் இறங்கி வந்த படிகளைத் திரும்பிப் பார்த்தார். கை மறுபடி கைப்பிடியைத் தேடியது.

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். நாற்பது வருடம் எல்லாரிடமும் கேட்டதையே அவரிடமும் கேட்டேன்.

"மேலேயா, கீழேயா?"

அண்ணன் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கீழே. மெதுவா ஓட்டுடா."