அறுபத்தொன்று

"பார்த்து, பார்த்து. தலைப்பக்கம் இன்னும் ரெண்டு பேர் வாங்க" என்றார் வண்டிக்காரர்.

அப்பாவைத் தூக்கியவர்கள் வாசல்படியில் தடுமாறினார்கள். அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. வண்டிக்காரரும் தோள் கொடுத்து ஒருவழியாக உள்ளே ஏற்றினார். கையைத் துடைத்துக்கொண்டே அவளிடம் சொன்னார்.

"ஆளைப் பார்த்தா அப்படித் தெரியல. என்ன கனம்! எழுபதுக்குக் குறையாதும்மா."

"அறுபத்தொண்ணு" என்றாள் அவள்.

அவர் ஒரு மாதிரி பார்த்தார். சாவு வீட்டில் எடைக்குத் திருத்தம் சொல்லும் மகளை அவர் கண்டதில்லை போலும். "இருபது வருஷமாத் தூக்குறேன்..." என்று ஆரம்பித்தவர், அதோடு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அவளுக்கு அந்த எண்ணில் சந்தேகமே கிடையாது. சமையலறைக் காலண்டரில் ஒன்பது கட்டங்களில் அவளே எழுதியது. நேற்று வந்து இறங்கியதிலிருந்து அண்ணன் கேட்டதும் இதைத்தான். "எடை ஏறவே இல்லையா? தினமும் பார்த்தியா நீ?" அவள் காலண்டரைக் காட்டினாள். 61, 61, 61. ஒரு அடித்தல் கிடையாது. அவள் பக்கம் பேச அது ஒன்றுதான் இருந்தது.

அப்பாவுக்கு இதயம் தளர்ந்துபோயிருந்தது. உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்து நீரை இறக்கி அனுப்பும்போது டாக்டர் சொன்ன வைத்தியத்தைக் கேட்டு, இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

"வியாதி பெருசு. நீங்க செய்யவேண்டியது சின்ன வேலைதான். மாத்திரை, உப்பு குறைச்ச சாப்பாடு, தண்ணி நான் சொன்ன அளவு. காலைல எழுந்ததும் எடை பாருங்க. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே கூட்டிட்டு வந்துடுங்க. ஊசி போட்டு இறக்கிடலாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனுஷர். "பத்து நாள் ஏறாம இருந்துச்சுன்னா, நீங்க தைரியமா வேலைக்குக் கிளம்புங்க" என்றும் சொல்லிவைத்தார். அவளுடைய வேலை புதியது, அது இருந்த ஊர் ஒரு நாள் ரயில் தூரம். ஆபீஸிலிருந்து தினமும் போன். அப்பா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபின் காலை ஆறு மணிக்கு யாரும் எழுப்பவேண்டியிருக்கவில்லை. தன் அறையில் எடை மெஷின் மேல் தானாகவே ஏறி நிற்பார். தகடு 'டக்' என்று அமுங்கும். அவள் குனிந்து முள்ளைப் பார்ப்பதற்குள், "அறுபத்தொண்ணு" என்பார்.

"பார்க்காமலே எப்படிப்பா சொல்றீங்க?"

"நாப்பது வருஷம் தராசு ரிப்பேர் பார்த்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? போய் எழுதிக்கோ."

காலில் எப்போதும் சாக்ஸ், குளிர் என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார், முதுகுவலி என்றார். ரேடியோவை அலறவிட்டார். காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தாள். பத்தாவது நாள் காலை அவள் போனபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா இறந்துபோயிருந்தார். கதவோரம் அவளுடைய பெட்டி பூட்டித் தயாராக இருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது மணி மூன்று. அண்ணன் கூடத்தில் சுருண்டு படுத்துவிட்டான். அவள் அடுப்படியில் நின்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அறையில் 'டக்' என்றது.

அறுபத்தொண்ணு என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள். அப்படிக் காத்திருக்கிறோம் என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை, காது எதையாவது கேட்கத்தான் செய்யும் என்று தன்னையே அதட்டிக்கொண்டு உள்ளே போனாள். யாருமில்லை. சுவரோரம் மெஷின் இருந்தது. எதற்கென்றே தெரியாமல் அதில் ஏறி நின்றாள்.

நாற்பத்தெட்டு.

ஆஸ்பத்திரியில் பொழுது போகாமல் ஒருநாள் எடை பார்த்தபோது ஐம்பத்தைந்து இருந்தாள். என்னதான் பட்டினி கிடந்தாலும் ஏழு கிலோவா? இறங்கினாள். முள் திரும்பி வந்து பூஜ்யத்தில் அசையாமல் நின்றது.

கடை கடையாகத் தராசு சோதிக்கப் போய்விட்டு வந்து அப்பா பொரிந்து தள்ளுவது நினைவுக்கு வந்தது. "முள்ளைத் திருப்பி வைக்கிறவன் கத்துக்குட்டி. பூஜ்யத்துல நிக்குதான்னு யார் வேணா பார்த்துடுவாங்க. ஸ்பிரிங்ல கைவைக்கிறான் பாரு, அவன்தான் கைதேர்ந்த திருடன்!" அப்படிப்பட்டவன் வீட்டில் அவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்.

பட்டறை அறையிலிருந்து இருபது கிலோ எடைக்கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிவந்து வைத்தாள். முள் பதினேழரையில் நின்றது. கல்லை இறக்கி மெஷினைக் கவிழ்த்தாள். மற்ற திருகெல்லாம் துரு. ஸ்பிரிங் பக்கத்துத் திருகு மட்டும் எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தது. அதன் தலையைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய கீறல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே நாளில் விழுந்தவை அல்ல. அந்த சாக்ஸும் ரேடியோவும் எதை மறைத்தன என்று இப்போது புரிந்தது: வீங்கிய கால்களை, மூச்சிரைப்பை.

முதலில் கோபம்தான் வந்தது. "யார்கிட்டப்பா இந்த வேலையைக் காட்டினீங்க?" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள். பிறகு பயமாக இருந்தது. ஒரு ஊசி என்றாரே டாக்டர், ஒரே ஒரு ஊசி.

மெஷினை நிமிர்த்தினாள். அப்பா காலை வைக்கும் இடத்தில் கல்லை வைத்தாள். மூச்சு வாங்க இன்னொன்று கொண்டுவந்தாள். பிறகு இன்னொன்று. கடைசியாகப் பத்து கிலோ கல்லை மேலே வைத்தாள். முள் நடுங்கி நின்றது. அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

"என்ன சத்தம்? என்ன பண்றே இங்க?"

அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து முள்ளருகே குந்தினான்.

"அறுபத்தொண்ணு" என்றான். "மெஷின் சரியாத்தான் காட்டுது, நீயும் சரியாத்தான் பார்த்திருக்கே. நான்தான் உன்னைப் போய் சந்தேகப்பட்டு..."

நேற்றிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள். சரியென்று தலையாட்டிவிட்டால் போதும்.

அண்ணனின் பார்வை முள்ளிலிருந்து கற்களுக்கு ஏறியது. அவனும் அந்தக் கற்களோடு வளர்ந்தவன்தான். உதடுகள் சத்தமில்லாமல் அசையத் தொடங்கின.

"இருபது, நாப்பது..."

"எண்ணாதேண்ணா" என்றாள் அவள்.