ஒரே ஒரு இழுப்பு

என் அண்ணனுக்குத் துறைமுகத்தில் ‘நாக்குமீன் வக்கீல்’ என்று பெயர். சப்பையாக மணலோடு ஒட்டிக் கிடக்கும், இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும் அந்த அசட்டு மீனுக்காக எல்லோரோடும் மல்லுக்கு நின்றான். “அதோட குஞ்சைத் தின்னுதான்டா பெரிய மீனெல்லாம் வளருது. அடிமணலைச் சுரண்டிட்டு, அப்புறம் கடல்ல மீனே இல்லைன்னு புலம்பினா எப்படி?” என்று கத்துவான். கடைசியில், குஞ்சுகள் வளரும் கடலடி மணல்திட்டில் யாரும் இழுவலை போடக்கூடாது என்று தடை வாங்கியே விட்டான். அவனுக்கு முதல் எதிரி நான்தான். என்னுடையது இழுவைப் படகு.

போன மழைக்காலத்தில் அந்தத் திட்டுக்கு மேலேயே அவனுடைய சிறு படகு கவிழ்ந்தது. படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. முக்குளிப்பவர்கள் கலங்கல் தண்ணீரில் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

அண்ணி அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தார். ஒருநாள், நான் படகில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றார்.

“தம்பி, ஒரே ஒரு தடவை அங்க வலையைப் போடுங்க.”

“அண்ணி, அது அவன் வாங்கின தடை.”

“தெரியும். எனக்கு அவர் வேணும். எலும்பா இருந்தாலும் சரி.”

லைசென்ஸ் போனால் போகட்டும் என்று மறுநாளே அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வலை கனமாக ஏறியது. முடிச்சை அவிழ்த்தேன். சேறு, கிளிஞ்சல், நண்டு எல்லாம் கொட்டின. பின்னாலேயே நாக்குமீன் குஞ்சுகள், கட்டைவிரல் நீளம்கூட இல்லாதவை, கூடை கூடையாக. என் வாழ்நாளில் ஒரே இழுப்பில் இத்தனை குஞ்சுகளைப் பார்த்ததில்லை. பாவி, அவன் சொன்னது அத்தனையும் சரி.

அவன் மட்டும் இல்லை. அவன் செருப்புகூட இல்லை.

அண்ணி மண்டியிட்டு, குஞ்சுகளைச் சேற்றோடு அள்ளி அள்ளிக் கடலில் போட்டார். நானும் போட்டேன். சில துள்ளி மூழ்கின. பெரும்பாலானவை வெள்ளைப் பக்கம் மேலே தெரிய அப்படியே மிதந்தன. அதற்குள் பறவைகள் வந்துவிட்டன.

“அவன் பாத்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பான் அண்ணி,” என்றேன்.

அவர் கை நின்றது.

“திட்டக்கூட ஆளில்லையே தம்பி,” என்றார். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, அன்றுதான் வாய்விட்டு அழுதார்.