அறைக்கதவில் ஒரு திருத்தம்

பிற்பகல் இரண்டு மணி ஆனதும் பிழைதிருத்துநர் சிவப்புப் பேனாவை மூடிவிடுவார். அச்சகத்திலிருந்து எத்தனை அவசரமான தாள்கள் வந்து குவிந்திருந்தாலும் சரி, நின்ற வரியின் கீழே அடிக்கோலை வைத்துவிட்டு எழுவார். சன்னல்கள் இரண்டையும் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, கதவின் அடியிடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்து, ஏசியை இருபத்து மூன்றில் நிறுத்திப் படுப்பார். சரியாக நாற்பது நிமிடம். கண் விழித்ததும் ஏசியைப் பட்டென்று அணைத்துவிட்டு, அடிக்கோல் காட்டும் வரிக்குத் திரும்புவார். வீட்டில் இருப்பது அந்த ஒரே ஏசிதான். பகலில் அந்த அறை அவருக்கு அலுவலகம். இரவில் அவருடைய மைத்துனருக்குப் படுக்கையறை.

மைத்துனர் நீச்சல் பயிற்சியாளர். இந்த ஊர்க் குளத்தில் வேலை கிடைத்து, அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அக்காவும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் இருப்பது ஒன்பது ஆண்டுகளில் இதுவே முதல் முறை. பேச்சுத் துணை கிடைத்த மகிழ்ச்சியில் அந்த அம்மாள் அடுப்படியில் தமக்குத் தாமே சிரித்துக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தார்.

அந்த மகிழ்ச்சிக்கு நடுவில்தான் நாற்றம் நுழைந்தது. ஈரத்தில் கிடந்த புத்தகத்தைப் பிரித்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாடை. ஏசியைப் போட்ட முதல் ஐந்து நிமிடம் அது அறையையே ஆளும். பிழைதிருத்துநருக்குத் தும்மல் ஆரம்பித்தால் எண்ணிக்கை ஏழுக்குக் குறையாது. பிறர் பிழையைக் கண்டுபிடித்தே முப்பது ஆண்டுகள் சோறு உண்டவருக்குக் குற்றவாளியைப் பிடிக்க நெடுநேரம் ஆகவில்லை. மைத்துனர் மாலை வகுப்பு முடிந்து வந்து, ஈரத் துண்டை அவருடைய நாற்காலி முதுகில் விரித்துவிட்டுப் படுப்பது வழக்கம்.

மறுநாள் அறைக்கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது.

"அறிவிப்பு: ஈரத் துண்டுடன் உள்ளே நுழைதல் கூடாது. நாற்றத்துக்குக் காரணமானோர் இதனைக் கவனிக்க."

'காரணமானோர்' என்று பன்மையில் எழுதியிருந்தாலும், அந்த வீட்டில் நீந்துகிறவர் ஒருவர்தான். ஏணி இரவல் கேட்டு வந்த கீழ்வீட்டுக்காரர் அதை இருமுறை படித்து, மைத்துனரை ஒருமுறை பார்த்து, ஏணியை மறந்துவிட்டுப் போனார்.

மைத்துனர் சண்டை போடவில்லை. தலையணையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு கூடத்துச் சோபாவுக்குக் குடிபெயர்ந்தார். சோபா அவர் முழங்காலோடு முடிந்துவிட்டது. ஆனால் நாற்றம் அறையைவிட்டு நகரவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிடும்போது பிழைதிருத்துநர் புதிய தீர்ப்பு ஒன்றை வழங்கினார்.

"வாடை சுவத்துலயே ஊறிப்போச்சு. இனி லேசுல போகாது."

மைத்துனர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "நீச்சல் குளத்துல ஒரு ரூம் காலியா இருக்கு அத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்க போயிடறேன்."

அன்று அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசின. மறுநாள் காலை மனைவி தேநீரை மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார்.

"அவன் கிளம்பறதுக்குள்ள ஒரு ஆள வரச்சொல்லி ஏசியத் திறந்து பாத்துடுங்க. அவன் போனதுக்கப்புறமும் நாறிச்சுன்னா, நீங்க அடுத்து என்னைத்தான் சந்தேகப்படணும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. தோளில் கருவிப் பை, கையில் தண்ணீர் பீய்ச்சும் பம்பு. கதவில் இருந்த தாளைப் படித்தார். மின்சாரத்தை நிறுத்தி, முகத்துக்கு மாஸ்க் கட்டி, ஸ்டூலில் ஏறி ஏசியின் முன்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார்.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க."

காற்று வெளிவரும் வாயில், நீள உருளை மின்விசிறியின் இதழ்கள்தோறும் கரும்புள்ளிகள். மையைத் தெளித்ததுபோல் ஓர் இதழ்கூட விடுபடாமல் பூஞ்சை படர்ந்திருந்தது. அதன் கீழே தட்டில் தண்ணீர் வழவழவென்று தேங்கி நின்றது.

"இவ்வளவு பூசணம் புடிச்சா நாறாம என்ன செய்யும்? நீங்க போடறப்பல்லாம் இதத்தான் ஊதி உங்க மூஞ்சில அடிக்குது."

"ஈரத் துண்டு..." என்று தொடங்கினார் பிழைதிருத்துநர்.

"ஒரு துண்டு ஈரத்துல இவ்வளவு தண்ணி தேங்காது சார். வெளிய போற குழாய் எங்க முடியுது?"

பிழைதிருத்துநர் மெல்லப் போய்ச் சன்னல் திரையை விலக்கினார். பதில் அவருக்குத் தெரியும்.

பின்பக்கச் சன்னலுக்கு வெளியே, தகரக் கூரையின் மேல் ஒரு வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஏசிக் குழாய் வாளியின் விளிம்பில் ஏறி வளைந்து, ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீரில் மூழ்கியிருந்தது. நகராதபடி நூலால் அழகாகக் கட்டு வேறு. மூன்று மாதத்துக்கு முன், மைத்துனர் வருவதற்கும் முன்பு, தகரத்தில் சொட்டும் 'டொக் டொக்' பகல்தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அவரே செய்த ஏற்பாடு அது. சத்தம் நின்ற அன்றே அதை மறந்தும் போனார்.

"குழாய மேல ஏத்தி, வாயையும் தண்ணிக்குள்ள அமுக்கி வச்சா உள்ள இருக்கற தண்ணி எப்படி இறங்கும்? யாரு சார் இந்தப் புண்ணியவான்?"

மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் வாளியைப் பார்த்தார்.

"புண்ணியவான் இங்கதான் நிக்கறார்," என்றார் அந்த அம்மாள், மிகுந்த மரியாதையோடு.

அடுத்த இரண்டு மணி நேரமும் பிழைதிருத்துநர் எதிர்ப்பேச்சு பேசாத மாணவராக இருந்தார். படுக்கையையும் புத்தகங்களையும் கூடத்துக்குச் சுமந்தார். மெக்கானிக் ஏசியின் கீழே நெகிழிப் பையைத் தொட்டில்போல் கட்டி, மருந்தடித்துப் பீய்ச்சியபோது, பையில் இறங்கிய நீர் கஞ்சி நிறத்திலிருந்து கறுப்பாகி, வெகுநேரம் கழித்துத்தான் தெளிந்தது. குழாயைக் கட்டையாக வெட்டிச் சரிவாக விட்டதும், தகரத்தில் பழைய தாளம் மீண்டும் கேட்டது.

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஃபில்டரக் கழுவுங்க. அணைக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஃபேனை மட்டும் ஓட விடுங்க, உள்ள காயட்டும். பட்டுனு நிறுத்தாதீங்க." பையைத் தோளில் மாட்டியவர் கதவருகே நின்றார். "அந்த நோட்டீசு நல்ல கையெழுத்து சார்."

அன்று இரண்டு மணிக்குப் பிழைதிருத்துநர் படுக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பிழை வந்த இடத்திலேயே திருத்தமும் வர வேண்டும் என்பது அவர் தொழிலின் ஒழுங்கு. கடைசிப் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போட்டுத் தப்பிக்கும் பதிப்பாளர்களோடு அவர் எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறார். ஆகவே அந்த அறிவிப்பை அவர் கிழிக்கவில்லை.

ஐந்தரைக்கு மைத்துனர் பெட்டியை எடுத்துப்போக வந்தார். கதவில் அறிவிப்பின் வரிகள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. கீழே புதிதாக எழுதியிருந்தது:

"பிழை: மைத்துனரின் துண்டு. திருத்தம்: அத்தானின் வாளி. பிழை ஆறு நாள் இக்கதவில் இருந்தமையால் திருத்தமும் ஆறு நாள் இருக்கும். கீழ்வீட்டாருக்கும் காட்டப்பட்டது."

மைத்துனர் இருமுறை படித்தார். "கீழ்வீட்டுக்காரர்கிட்ட நிஜமாவே காட்டினீங்களா?"

"கையோட கூட்டிட்டு வந்து காட்டினேன். ஏணியும் குடுத்தாச்சு." பிழைதிருத்துநர் தொண்டையைச் செருமினார். "ஒரு நரி, தன் வால்ல சேறு ஒட்டினது தெரியாம, காடு முழுக்க மோப்பம் புடிச்சுட்டுத் திரிஞ்சுதாம். போற இடமெல்லாம் நாறிச்சாம். கடைசியா, பாவம், குளத்துல குளிச்சுட்டிருந்த வாத்தப் புடிச்சு மிரட்டிச்சாம்..."

"வாத்து நானா அத்தான்?"

"நரி யாருன்னு நான் இன்னும் சொல்லலையே மாப்பிள்ளை."

அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இம்முறை அது தமக்குத் தாமே சிரித்த சிரிப்பல்ல. வெளியே தகரத்தில் டொக், டொக்.

"இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவீங்க?" மைத்துனர் சன்னல் வழியே கையை நீட்டித் தம் பழைய துண்டு ஒன்றை நான்காக மடித்துச் சொட்டு விழும் இடத்தில் வைத்தார். சத்தம் அடங்கிற்று. "இனிமே இந்தத் துண்டு நிஜமாவே நாறும். அப்ப ஒட்டுங்க நோட்டீசு."

"தினம் அதப் பிழிஞ்சு காயப்போடறது என் வேலை," என்றார் பிழைதிருத்துநர்.

பிறகு கூடத்துக்குப் போய், சோபாவின் ஓரத்தில் கட்டி வைத்திருந்த பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தார். அலமாரியின் நடுத்தட்டிலிருந்த அகராதிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி இடம் செய்து, மைத்துனரின் சட்டைகளை மடிப்புக் கலையாமல் அடுக்கத் தொடங்கினார்.