பங்குக்குக் கொடுத்த ஸக்காத்து

கல்முனைக் கடைத்தெருவில் காலிதீனின் புடவைக் கடைக்குள் அந்த நோன்பு மாதம் முழுக்க ஒரே கதைதான். பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு வருகிறவர்கள் துணி வாங்கவா வந்தார்கள்? கோமாரி இறால் கம்பனியின் பங்கு எழும்புமா, படுத்தது படுத்ததுதானா என்று கதைக்க வந்தார்கள். எண்பத்தொன்றில் அது பத்து ரூபாய்ப் பங்கு. முதலில் வாங்கியவர் காலிதீன். வாங்கியதோடு நின்றாரா? தெருவையே வாங்க வைத்தார். போன மாரி வெள்ளத்தில் இறால் குளத்தின் அணை உடைந்து, குஞ்செல்லாம் கடலோடு போன பிறகும், "பொறுங்க, இருபதுக்கு நிக்கும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பாண்டிருப்புப் புண்ணியமூர்த்தி கோமாரிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவரும் பங்குக்காரர்தான்.

"அணையில மாடு மேயுது முதலாளி," என்றார். "காவல்காரனுக்கே சம்பளமில்ல. பங்கு மூண்டு ரூபாக்கு ஆராவது கேட்டா, இப்பவே குடுத்துட்டுப் போயிருவன்."

"ஜப்பான்காரன் வாறானாம் எண்டு கொழும்பில கதைக்காங்க," என்றான் தையற்கடை ஜவுபர். "அவன் வந்தானெண்டா இருபது. அப்ப அழுவீங்க."

"வாறவன் வரட்டும். இந்த நோன்புக்கு ஸக்காத்து என்ன விலையில பாக்கிற? அதச் சொல்லு முதல்ல," என்று குறுக்கே விழுந்தான் அதாவுல்லா. லொறி வைத்திருப்பவன். சிரித்துக்கொண்டே குத்துகிறவன்.

வருசா வருசம் சொத்தில் நாற்பதில் ஒன்றை ஏழைக்குக் கொடுக்கிற ஸக்காத்து பங்குக்கும் உண்டு, இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலையில் கணக்குப் பார்க்க வேண்டும் என்று பள்ளிவாசலில் மௌலவி சொல்லியிருந்தார். ஊரிடம் இருபது என்று அளக்கலாம், வாய்க்கு என்ன வாடகையா? அல்லாஹ்விடம் இருபது என்றால் அதற்குரிய காசைக் கையிலிருந்து எடுத்து ஏழைக்குக் கொடுக்க வேண்டுமே!

ஜவுபர் கூரையைப் பார்த்தான். "எனக்கு மூண்டு," என்றான் மெல்ல. எல்லாரும் சிரித்தார்கள்.

"காக்கா, நீங்க?" என்று மூத்தவரான காலிதீனிடம் திரும்பினான் அதாவுல்லா.

காலிதீனும் மூன்று என்றுதான் மனதில் வைத்திருந்தார். ஆனால் அதாவுல்லாவின் அந்தச் சிரிப்பு இருக்கிறதே! அவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் இருபதுக்குத்தான் குடுப்பன்."

சொன்னபடி அடுத்த நாளே கடை வாசலில், ஊர் பார்க்க, இருபது ரூபாய்க் கணக்கில் ஸக்காத்தைக் கொடுத்தார். வாங்க வந்தவர்களில் ஹாஜறாவும் ஒருத்தி. பாய் இழைத்து ஒற்றை மகளை வளர்த்த விதவை.

"இந்த முறை காசு கூடுதலா இரிக்கே காக்கா," என்றாள்.

"பங்கு நல்லா நிக்கி தங்கச்சி," என்றார் காலிதீன். சொன்னதை அன்றே மறந்தும் போனார்.

நோன்பின் கடைசி வாரம் அதே ஹாஜறா கடைக்குள் வந்தாள். நோன்பு திறக்கக் கிட்டிய நேரம். அதே ஆட்கள் கஞ்சிக் கோப்பைகளை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார்கள். முந்தானைக்குள்ளிருந்து பங்குக் கடதாசிகளை எடுத்து அவள் காலிதீனிடம் நீட்டினாள்.

"இது எங்கால உனக்கு?"

"அதாவுல்லா காக்காட்ட வாங்கின. பத்துக்குத் தந்தார். உங்கட விலையில பாதிதானே! நதீராட வீட்டுக்கு வாங்கி வெச்சிருந்த முதிரை மரக் கதவயும் நிலையையும் வித்துப்போட்டன். பங்கு எழும்பினா கதவும் வாங்கலாம், கூரைக்கு ஓடும் போடலாம்."

அவளுடைய மகள் நதீராவுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழியக் கல்யாணம். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஏது? கதவு போட்டுப் பூட்டுகிற வீடுதான் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"ஆர்கா உன்ன இத வாங்கச் சொன்ன?" என்று கத்தினார்.

"ஆரும் சொல்லல்ல." ஹாஜறா மிரண்டுபோனாள். "கடையில ஆயிரம் கதைப்பாங்க, நான் அத நம்பல்ல. நீங்க ஸக்காத்துக் குடுத்தீங்களே காக்கா. அல்லாஹ்ட கணக்கில பொய் வைக்க மாட்டீங்கதானே."

அதாவுல்லா கஞ்சியைப் பார்த்தபடி இருந்தான். சமயம் பார்த்துத் தன் பங்கை அவள் தலையில் கட்டிவிட்டிருந்தான், பாவி. பள்ளியில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. எல்லாரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள். காலிதீனின் பழம் கையிலேயே இருந்தது. சொன்னால் மானம் போகும். சொல்லாமல் இந்தப் பழத்தை எப்படி விழுங்குவது?

"தங்கச்சி, அந்தப் பங்கு மூண்டு ரூபாவும் பெறாது," என்றார், எல்லாருக்கும் கேட்கவே. "நான் அல்லாஹ்வுக்காகக் குடுக்கல்ல. இவங்களுக்கு முன்னால தோக்க ஏலாமக் குடுத்தன். முழுக்க முகஸ்துதி, ஊருக்குக் காட்டச் செஞ்ச வேல."

ஹாஜறா அழவில்லை. ஏசவுமில்லை.

"அப்ப என்ட புள்ளைட கதவு?" என்று கேட்டாள்.

அதாவுல்லாவைக் கேட்டால், காசு லொறி டயருக்குப் போய்விட்டது என்றான். கதவு அக்கரைப்பற்றில் யாரோ ஒருவர் வீட்டில் ஏறிவிட்டது. காலிதீனின் காசெல்லாம் பெருநாள் துணியில் முடங்கிக் கிடந்தது.

வீட்டுக்குப் போய் மனைவி சரீபாவிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது கண் அடிக்கடி முன்கதவுக்குப் போனது. அதுவும் முதிரைதான். ஆனால் வீடு சரீபாவுடையது, அவளுடைய உம்மா கொடுத்தது. காலிதீன் மாப்பிள்ளையாக ஒரு பெட்டியோடு வந்தவர். கழற்றித் தா என்று கேட்க அவருக்கு ஏது வாய்?

சரீபா அவருடைய கண் போன இடத்தைப் பார்த்தாள். எழுந்து போய் அந்தக் கதவில் கை வைத்தாள்.

"மர வேல ஓடாவியாரக் கூப்பிடுங்க. நிலையோட கழட்டட்டும்," என்றாள் கடைசியில். "ஆனா பெருநாளைக்கு வாறவங்க கதவெங்க எண்டு கேப்பாங்க. நீங்கதான் சொல்லணும். நான் வாய் தொறக்க மாட்டன்."

நோன்புப் பெருநாள் அன்று கதவிருந்த வாசலில் பழைய சேலை ஒன்று தொங்கியது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அதை நொடிக்கொரு தரம் வீட்டுக்குள் தூக்கி எறிந்தது. வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். காலிதீன் புதுச் சாரனோடு வாசலிலேயே நின்று, ஒருவர் விடாமல் ஒவ்வொருவருக்கும் சொன்னார்.

"பங்கு மூண்டு ரூபா. நான் இருபதெண்டு பொய் சொன்னன். ஹாஜறா அத நம்பி, புள்ளைட கதவ வித்துப்போட்டா. எங்கட கதவு இப்ப அவட வீட்டில."

அஸருக்குப் பிறகு அதாவுல்லா வந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கும் சொன்னார்.