ரோஸ் நீலமாகிற சொட்டு

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்மிதா டீச்சர் வருகிறாள் என்றால், என் வீட்டுக்காரர் கிளீட்டஸ் குளித்து, பவுடர் போட்டு, மீன்தொட்டிக்கு முன்னால் கிடக்கும் நாற்காலியைத் துடைத்து வைப்பார். நான் இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு ஸ்டூலைக்கூட அவர் துடைத்துத் தந்ததில்லை.

அது சாதாரணத் தங்கமீன் தொட்டி இல்லை. கடல்தண்ணீர்த் தொட்டி. தோகாவில் ஒரு பெரிய ஹோட்டலில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர், அங்கே வாசலில் வைத்திருந்த பவளத்தொட்டியைப் பார்த்து மயங்கிப்போய் வந்து, நாகர்கோவிலில் எங்கள் வீட்டு ஹாலில் ஒன்று கட்டினார். கொச்சி நண்பர் ஒருவர் கொடுத்த பவளத்துண்டுகள், கோடுபோட்ட மீன் நாலைந்து. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பள்ளம் துறைக்குப் போய்க் கேனில் கடல்தண்ணீர் பிடித்து வருவார். "நாங்க கடல்ல போயி மீன் கொண்டுவாறோம், அத்தான் போயி கடலையே கொண்டுவாறாவ" என்று என் தம்பி மரியஜான் சிரிப்பான்.

அந்த வருஷம் மின்வெட்டு கொடுமையாக இருந்தது. இன்வெர்ட்டர் ஓடியது தொட்டியின் மோட்டாருக்கு. எனக்குப் பனையோலை விசிறி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மீன் என்ன, டீச்சரைப்போல நாற்காலியில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா கேட்கவா போகிறது?

பவளம் வளர சுண்ணாம்புச் சத்து வேண்டுமாம். தண்ணீரில் அது எவ்வளவு இருக்கிறது என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். குறைந்தால் பவளம் வளராது, நாளடைவில் வெளிறிச் செத்துப்போகும். அதற்கென்று ஒரு பெட்டி உண்டு. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் மருந்து விட்டால் ரோஸ் நிறமாகும். பிறகு வேறொரு மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் ரோஸ் மாறி நீலமாகும். சொட்டு ஒன்றுக்கு இருபது என்று கணக்கு. இருபத்தியொரு சொட்டு வந்தால் நானூற்றிருபது, பவளத்துக்குச் சுகம். இவ்வளவுதான் வித்தை. இதற்குத்தான் அடுத்த தெருவிலிருந்து கெமிஸ்ட்ரி டீச்சர் வர வேண்டும்.

அவள் குழாயைக் குலுக்குவாள். இவர் பக்கத்தில் நின்று மூச்சுவிடாமல் அவள் முகத்தையே பார்ப்பார். குழாயை இல்லை, முகத்தை. "ஆயிட்டு அண்ணா" என்பாள். இவர் முகம் மலரும். அடுப்படியில் நிற்கிற எனக்கு வயிறு எரியும். பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

"நானே பாக்கேன், தாருங்க" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்கு அது பிடிபடாதுட்டி" என்று பெட்டியை எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்தார்.

பிளஸ் டூவில் நான் கெமிஸ்ட்ரி படித்தவள். அன்றைக்கு மீன்குழம்பில் உப்பு போடவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் வரவில்லை, தக்கலையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பவளம் ஒன்று நுனியில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் கடைக்குப் போயிருப்பதாக நினைத்து, தானே பெட்டியை இறக்கினார். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

ரோஸ் வந்தது. சொட்டு விட்டார், குலுக்கினார். விட்டார், குலுக்கினார். பளிச்சென்று நீலமானது. இவர் நிறுத்தவில்லை. இன்னொரு சொட்டு. இன்னும் ஒன்று. டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார், ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், மறுபடியும் சொட்டு விட்டார். ஆள் இங்கே, மனசு தக்கலையில் என்று எனக்குத் தோன்றியது. திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்தேன்.

"நீலமாயி எவ்வளவு நேரமாச்சு! யார நெனச்சிட்டு நிக்குதீங்க?"

அவர் குழாயை என் பக்கமாக நீட்டினார். "நீலமாயிட்டா?" என்று கேட்டார்.

சத்தியமாகத் தெரியாமல் கேட்கிற குரல்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலதான் தெரியும் குளோரி" என்றார். "ரோஸும் இந்த நீலமும். சின்னதிலேயே அப்படித்தான். கப்பல் வேலைக்குக் கண்ணு டெஸ்ட்டுல வெளிய அனுப்பினாவ. பிடிக்காம விட்டுட்டேன்னு உனக்கிட்ட சொன்னது பொய்யாக்கும்."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"மொத நாளே கண்டுபிடிச்சிட்டாவ. யாருட்டயும் சொல்லாண்டாம்னு சொன்னேன்."

சும்மா சொல்லக் கூடாது, வேறு ஏதாவது உறவு என்றிருந்தால்கூட நான் இவ்வளவு எரிந்திருக்க மாட்டேன். என் புருஷனின் கண்ணைப் பற்றி ஒரு வருஷமாக ஊரான் மனைவிக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் கூடப் படுத்தவளுக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க அவரோடு நான் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்ததும் நாற்காலியை நானே துடைத்து, நானே உட்கார்ந்தேன்.

"பெட்டிய எடுங்க" என்றேன்.

எடுத்துத் தந்தார். மருந்து விட்டேன், குலுக்கினேன். அவர் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தார். அப்படி அவர் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நீலம் வந்ததும், "ஆயிட்டு" என்றேன். இருபது சொட்டு. நானூறு.

அவர் போகாமல் அங்கேயே நின்றார்.

"ஒரு காரியம் கேக்கட்டா? கோவிச்சுக்காத. கல்யாணத்துக்கு நான் எடுத்த மந்திரகோடி என்ன நிறம்ட்டி?"

தாலி கட்டியதும் பெண் மாற்றி உடுத்துகிற சேலை அது, மாப்பிள்ளை வீட்டில் எடுப்பது. எனக்கு ரோஸ் வேண்டும் என்று அவர் தங்கச்சியிடம் சொல்லி அனுப்பியிருந்தேன்.

"கடைக்குத் தனியாத்தான் போனேன். ரோஸ் எதுன்னு கடைக்காரன்ட்ட கேக்க வெக்கமாயிருந்துது, நானே ஒண்ணு எடுத்தேன். அன்னைக்கு அதப் பாத்ததும் உனக்க மொகம் வாடிச்சு. அதிலேருந்து எனக்கு ஒரு சந்தேகம். ஒருநாள் டீச்சர்ட்ட கல்யாணப் போட்டோவக் காட்டிக் கேட்டிரலாம்னு நெனச்சேன். கேக்கல்ல."

"ஏன் கேக்கல்ல?"

"அத நீயில்லா சொல்லணும்."

நான் கையிலிருந்த குழாயைப் பார்த்தேன். அதே நீலம். அந்த நீலச் சேலையைக் கண்ட நாள் முதல், நீலம் பிடித்த எவளையோ மனசில் வைத்து எடுத்திருக்கிறார் என்று நான் நம்பியிருந்தேன். பெயர் தெரியாத அவளைத் தினமும் சபித்தேன். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை.

"ரோஸ்தான்" என்றேன்.

"நெசமாவா?"

"பின்ன? நான் கேட்டது ரோஸ்தானே."

"பின்ன ஏன் அதுக்குப் பெறவு உடுக்கல்ல?"

"தடிச்சுப்போனேன். ரவிக்க ஏறண்டாமா?"

அவர் சிரித்தார். நாற்காலிக் கையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல என் தோளில் தலையைச் சாய்த்தார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போது வெளியே கேட் திறக்கும் சத்தம். "குளோரியக்கா, இருக்கீங்களா?" என்று டீச்சரின் குரல்.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். நான் விறுவிறுவென்று ஸ்டூலில் ஏறி, ஹால் சுவரில் தொங்கிய, அந்த நீலச் சேலையில் நான் நிற்கிற கல்யாணப் போட்டோவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர்" என்றேன்.