கிரைமர் ஜெயித்த ஒன்பது ஆட்டங்கள்

டிசம்பர் 4, புதன்

என் அட்டவணையில் ஒரு தவறு இருக்கிறது. நேற்று மாலை வகுப்பில்தான் தெரிந்தது. சின்னத் தவறு என்று முதலில் எழுதினேன். ‘சின்ன’ என்பதை இப்போது அடித்துவிட்டேன்.

எங்கள் லீக்கின் பன்னிரண்டு ஃபுட்பால் கோச்களும் எவ்வளவு கடினமான அணிகளோடு மோதினார்கள் என்று வரிசைப்படுத்துவது கல்லூரி விளையாட்டு அலுவலகத்தில் என் வேலைகளில் ஒன்று. ஒருவரின் எதிரணிகள் இந்த சீசனில் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் எத்தனை சதவீதம் வென்றன என்று பார்ப்பேன். கூடுதல் என்றால் கடினம், குறைவு என்றால் சுலபம். எங்கள் கோச் வெண்டல் கிரைமரின் ஒப்பந்தத்தில் இதற்கென ஒரு வரி உண்டு: எட்டு ஆட்டங்களாவது ஜெயித்து, இந்த வரிசையில் முதல் ஆறு இடங்களுக்குள் இருந்தால் மூன்று வருட நீட்டிப்பு. இல்லாவிட்டால் கல்லூரியின் ஏழு பேர் விளையாட்டுக் குழு அவரை வேலையிலிருந்து அனுப்பிவிடலாம். கிரைமர் ஒன்பது ஜெயித்து மூன்று தோற்றார். என் அட்டவணையில் அவருக்கு ஒன்பதாவது இடம். வெள்ளி காலை பத்து மணிக்குக் குழு கூடுகிறது.

நான் படிக்கும் மாலைநேரப் புள்ளியியல் வகுப்புக்கு அவரவர் வேலையிலிருந்து ஒரு கணக்கைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் இதைக் கொண்டுபோனேன். என் பக்கத்தில் உட்காரும் டூவேன் பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

“ஜோலீன், இவங்க கிரைமர்கிட்ட தோத்தாங்களே, அந்தத் தோல்வியும் இதுல சேர்ந்திருக்கா?”

“ஆமா. அதுவும் அவங்க தோத்த ஆட்டம்தானே.”

“அப்ப இவரு ஒரு டீமை அடிச்சா அது சொத்தை டீம் ஆயிடுது. சொத்தையை அடிச்சதுக்கு இவருக்கு மார்க்கு கிடையாது. எங்க டிப்போவுலகூட இப்படிப் பண்ண மாட்டாங்க.”

“எல்லா கோச்சுக்கும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கேன்.”

“ஒரே மாதிரிதான். தோக்கறவனுக்கெல்லாம் லாபம், ஜெயிக்கறவனுக்கெல்லாம் தண்டம். அதுல பாகுபாடே இல்ல.”

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

இன்று காலை ஏழு மணிக்கே அலுவலகம் போய், ஒவ்வொரு கோச்சும் நேரடியாக ஆடிய ஆட்டங்களை அவருடைய எதிரணிகளின் கணக்கிலிருந்து நீக்கினேன். நான்கு முறை போட்டேன். முதல் இரண்டு முறையும் வெவ்வேறு விடை வந்ததால் என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அக்டோபர் ஆட்டம் ஒன்றை விட்டிருந்தேன். கடைசி இரண்டு முறையும் ஒரே விடை. கிரைமரின் எதிரணிகள் 144க்கு 68 வென்றதாக இருந்தது, இப்போது 132க்கு 65. ஆறாவது இடம். ஏழாவது இடத்தில் இருப்பவருக்கு 132க்கு 64.

எங்கள் அலுவலக இயக்குநர் ஹேக்கட் வந்ததும் சொன்னேன்.

“ஹேக்கட் சார், அட்டவணையில தப்பு பண்ணிட்டேன்.”

“திங்கக்கிழமையே குழுவுல ஏழு பேருக்கும் அனுப்பியாச்சேம்மா.”

“திருத்தினா கோச் ஆறாவது வர்றார்.”

“எத்தனை ஆட்ட வித்தியாசத்துல?”

“ஒண்ணு.”

“ஒண்ணு. அதுக்காகக் குழுவைக் குழப்பணுங்கற. சுலபமான டீமாப் பார்த்து ஜெயிச்ச மனுஷன் ஜோலீன் அவரு. ஊருக்கே தெரியும்.”

யார் பார்த்து? இந்த சீசனில் எந்தெந்த அணிகளோடு மோதுவது என்று ஆறு வருடம் முன்பே பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டவர் ஹேக்கட். கிரைமர் இங்கே வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. நான் அதைச் சொன்னேன்.

“சாயங்கால வகுப்புக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்து நீ நிறையப் பேசற,” என்றார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் 5, வியாழன்

எனக்கு முன்னால் இருந்தவர் போட்ட அட்டவணைகளைத் தேடி எடுத்தேன். நான்கு வருடமாக இதே முறைதான். நான் யோசிக்காமல் அப்படியே பின்பற்றியிருக்கிறேன். அதில் என் பங்கை மறுக்க முடியாது.

கிரைமருக்கு முன்பு கேடிஸ் கோச்சாக இருந்தார். அவர் மூன்று ஜெயித்து ஒன்பது தோற்ற வருடத்தின் தாள் கிடைத்தது. லீக்கிலேயே இரண்டாவது கடினமான எதிரணிகள் என்று போட்டிருக்கிறது. ஓரத்தில் ஹேக்கட்டின் கையெழுத்து: ‘பாவம், யாரோடெல்லாம் மோத வேண்டியிருந்தது.’ குழு அந்தத் தோல்விகளை மன்னித்து இன்னொரு வருடம் கொடுத்திருக்கிறது. அவரோடு ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களையும் எதிரணிகளின் கணக்கிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஏழாவது இடம். அவர் தோற்றதால்தான் அவர்கள் பலசாலிகளாகத் தெரிந்தார்கள். கிரைமர் ஜெயித்ததால்தான் அவருடைய எதிரிகள் நோஞ்சான்களாகத் தெரிகிறார்கள். தோற்றவருக்கு அனுதாபம், ஜெயித்தவருக்குச் சந்தேகம். இதைக் கணக்கு என்று சொல்லிக் குழுவின் மேஜைமேல் வைத்திருக்கிறோம்.

மதியம் கிரைமர் என் மேஜைக்கு வந்தார். கையில் என் அட்டவணை.

“ஒன்பதாவதாம்மா?”

“இல்ல கோச். அது என் தப்பு. ஆறாவது.”

நீக்கிய ஆட்டங்களைக் காட்டினேன். நின்றபடியே முழுவதையும் படித்தார்.

“அப்ப நான் இன்னும் ஒண்ணு தோத்திருந்தா என்னை மதிச்சிருப்பாங்களா?”

“எதிரணி கடினம்னு போட்டிருப்பேன் கோச்.”

“என் பொண்ணு ஜனவரியில எந்த ஸ்கூலுக்குப் போகணும்னு வீட்டுல கேக்கறாங்க. நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.” அவர் என்னிடம் உதவி எதுவும் கேட்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்துக்கு இவ்வளவு பேசலாமா என்று மாலை முழுவதும் யோசித்தேன். பேசலாம். அந்த ஆறாவது இடம் என்ற கோட்டை நான் போடவில்லை, அது அவர்கள் போட்டது. ஒரு ஆட்டத்தால் ஒருவரை வெளியே அனுப்பலாம் என்றால், அதே ஒரு ஆட்டத்தால் அவரை வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

நாளை: எட்டரைக்கு அலுவலகம். பழைய அட்டவணை, திருத்தியது, எது ஏன் மாறியது என்று நான்கு வரி, எல்லாம் சேர்த்து எட்டுப் பிரதிகள். வித்தியாசம் ஒரே ஆட்டம் என்பதையும் எழுத வேண்டும். கீழே ‘கணக்கிட்டவர்’ என்று என் பெயர். முதல் பிரதி ஹேக்கட்டின் கையில். ஒன்பதே முக்காலுக்குக் குழு அறை வாசலில் நின்று, மற்ற ஏழையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும்.